உள்தாழ்ப்பாள்

நகரசபைக் கூட்டத்தில் அவளுக்கு இரண்டே கட்டளை. வாயைத் திறக்கக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. பின்வரிசை பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்து யார் எத்தனை தடவை பேசுகிறார்கள் என்று எண்ண வேண்டும். வலது கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி, இடது கையில் இன்னொன்று. ஆண் பேசினால் வலது கட்டைவிரல் அமுக்கும், பெண் பேசினால் இடது. உள்ளாட்சியில் பெண்கள் எவ்வளவு பேசுகிறார்கள், அதனால் ஊருக்கு என்ன நன்மை என்று பல ஊர்களில் நடக்கிற ஆராய்ச்சி அது. இந்த ஊருக்கு இவள். கருவி போடுகிற சத்தத்தை வைத்து உறுப்பினர்கள் அவளுக்கு டிக்டிக் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது.

சட்டப்படி சபையில் பாதிப் பேர் பெண்கள். ஆனாலும் டிக்டிக்கின் வலது கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது, இடது கட்டைவிரல் சொகுசாக இருந்தது. பெண் உறுப்பினர்களோடு அவர்களுடைய கணவர்களும் கூட்டத்துக்கு வருவார்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் பலகை தொங்கியது. கணவர்கள் அந்தப் பலகைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, டிக்டிக் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்காருவார்கள். ஓட்டெடுப்பு வந்தால் ஒருத்தர் இருமுவார். முன்வரிசையில் ஒரு பெண்ணின் கை மேலே போகும். இதற்குப் பெயர் பங்கேற்பு.

அந்த இருமல்காரர்களில் பெரிய இருமல்காரன் ஒப்பந்தக்காரன். நகரசபைத் தலைவரின் தம்பி. ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டியவன், மீதியை இடித்தவன். மரியாதை கொடுத்துத்தான் சொல்ல வேண்டும், ஆனால் நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு அதற்கு நாக்கு வளைய மாட்டேன் என்கிறது. ஊரே அவனை அண்ணன் என்று கூப்பிட்டதால் அவன் மனைவி ஊருக்கெல்லாம் அண்ணியானாள். அவளும் உறுப்பினர்தான். பதவிக்கு வந்த நாளிலிருந்து அண்ணிக்காக டிக்டிக்கின் இடது கட்டைவிரல் ஒரு தடவைகூட அசைந்ததில்லை. புழுங்கித் தள்ளுகிற வெயிலிலும் மணிக்கட்டுவரை கை வைத்த சட்டை போட்டுக்கொண்டு, மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

சபையில் வாயுள்ளவள் ஒருத்திதான். தையல்காரி. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், அதனால் இரும ஆளில்லை. மார்க்கெட் பின்புறத் தெருவில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறாள். போன கூட்டம் முடிந்ததும் அவள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, டிக்டிக் பக்கத்தில் போய் நின்றாள். அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது.

"தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், ஒருத்தனும் காது குடுக்க மாட்டேங்கறான். நீதான் படிச்சவளாச்சே, ஏன்னு சொல்லேன்" என்றாள் தையல்காரி.

பதில் சொல்லக் கூடாது என்பது விதி. எண்ண வந்தவள் எண்ணிவிட்டுப் போக வேண்டும். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் அந்த ஒரு குரலுக்காகவே அமுக்கி அமுக்கி, டிக்டிக்குக்கு அவள்மேல் ஒரு பாசம் ஒட்டிவிட்டது. பெண் உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பில் அவளுடைய நிறுவனம் சொல்லிக்கொடுப்பதை அப்படியே எடுத்துவிட்டாள்.

"பெண்கள், பெண்கள்னு பொதுவா பேசறீங்கக்கா. அது காத்துல போயிடும். ஒரு ஆளைக் காட்டிப் பேசுங்க. இவளுக்கு இது நடந்துச்சுன்னு சொன்னா யாராலயும் தட்ட முடியாது."

தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு வந்த தீர்மானம், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பெண்கள் குளியல் கூடத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவது. கட்டப்போவது யார் என்று கேட்கிறவன் அந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தீர்மானத்தைப் படித்தார்.

"இப்பல்லாம் வீட்டுக்கு வீடு குளியலறை வந்தாச்சு. அங்க போய் யாரு குளிக்கிறா?"

தையல்காரி எழுந்தாள். டிக்டிக்கின் இடது கட்டைவிரல் அமுக்கியது.

"குளிக்க மட்டும்தான் போறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

சபை சிரித்தது. பின் பெஞ்சில் ஒருவன் ஏதோ சொல்ல, இன்னொருவன் தொடையில் தட்டிக்கொண்டான்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டா ஆம்பளை வந்து தட்ட முடியாத கதவு இந்த ஊர்லயே அங்க மட்டும்தான் இருக்கு. வீட்ல அடி தாங்காம ஓடி வர்றவ எங்க போவா? பெத்தவங்க வீட்டுக்குப் போனா திருப்பி அனுப்பறாங்க. ஸ்டேஷனுக்குப் போனா சமாதானம் பேசி அதே ஆள்கிட்ட ஒப்படைக்கறாங்க. அங்க வந்தா ஒரு ராத்திரி உயிரோட இருக்கலாம்."

"யார் ஓடி வர்றா? சும்மா பொத்தாம்பொதுவா அளந்து விடாதே" என்றார் தலைவர்.

தையல்காரி ஒரு தடவை பின் பெஞ்சைப் பார்த்தாள். டிக்டிக்கைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள், பாடத்தை நினைவில் வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி. வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். வாயைத் திறக்கக் கூடாதே.

"பொதுவா இல்லை தலைவரே, ஆளைக் காட்டியே சொல்றேன். அண்ணி, நீங்களே சொல்லுங்க. போன வாரம் கால்ல செருப்புகூட இல்லாம ஓடி வந்து, கடைசிக் கதவுக்குள்ள விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தீங்களே. நானும் வெந்நீர் போடற பாய்லர்காரியும் வெளியில காவல் இருந்தோமே. எந்திரிச்சுச் சொல்லுங்க அண்ணி. உங்க வாயால சொன்னா இவங்க இடிக்க மாட்டாங்க."

அண்ணி மடியிலிருந்து தலையைத் தூக்கி, தையல்காரியைப் பார்க்காமல், நேராகப் பின்னால் திரும்பினாள். டிக்டிக்குக்கு இரண்டு ஆள் தள்ளி அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். காலைக் கீழே இறக்கி வைத்தான், அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அன்னைக்கு அக்கா வீட்ல இருந்தேன்னு சொன்னியே" என்றான்.

அதோடு அவன் விடவில்லை.

"இவ சொல்றது பொய்தானே? பொய்னா காட்டு."

அண்ணி எழுந்தாள். அவள் எதிரே மேஜைமேல் மைக் இருந்தது, உருண்டையான இரும்பு அடியோடு. அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். தையல்காரி அவள் பேசப்போகிறாள் என்று நினைத்து முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள், கேட்பதற்கு. இரும்பு அந்த முகத்தில் இறங்கியது.

மைக் அணையவில்லை. அடி மண்டபம் முழுக்க ஒலிபெருக்கியில் இடித்தது. இரண்டாவது அடியில் தையல்காரியின் வாயிலிருந்து ரத்தத்தோடு ஏதோ தெறித்துத் தலைவரின் காகிதங்கள்மேல் விழுந்தது. பல். மூன்றாவது அடியில் தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. அவள் நாற்காலியோடு சரிந்தாள். அண்ணி விடவில்லை, மேலே குனிந்து அடித்தாள். "பொய்! பொய்! பொய்!" அந்தச் சபையில் அண்ணி பேசிய முதல் வார்த்தை அது. அதையும் ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது.

கொஞ்ச நேரத்தில் சபை சந்தைக்கடை ஆனது. பெண்கள் அலறினார்கள், நாற்காலிகள் பறந்தன. விலக்கிவிடப் போன ஒருத்தியை யாரோ ஒருவன் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். கீழே கிடந்த தையல்காரியின் விலாவில் யாருடைய செருப்புக்காலோ பாய்ந்தது. இன்னொரு கால் அவள் கைவிரல்கள்மேல் ஏறி நின்றது, அது தெரியாமல் ஏறியதா தெரிந்தே ஏறியதா என்று அந்தக் காலுக்கே வெளிச்சம். இந்த ரகளைக்கு நடுவே தலைவர் கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு, "ஆதரிப்பவர்கள்" என்றார். நாலைந்து இருமல். "தீர்மானம் நிறைவேறியது" என்றார்.

அண்ணியின் கையிலிருந்து மைக்கை வாங்கி மேஜைமேல் ஒழுங்காக வைத்தது அவள் கணவன்தான். அவள் தோளில் கை போட்டு வாசலுக்குக் கூட்டிப்போனான். டிக்டிக்கைத் தாண்டும்போது அவன் குனிந்து மனைவியின் காதில் சொன்னது அவளுக்கும் கேட்டது.

"வீட்டுக்கு வா. அந்தக் குளியலறைக் கதையை விவரமா கேக்கணும்."

அப்போதுதான் டிக்டிக் தன் கைகளைப் பார்த்தாள். இடது கட்டைவிரல் இன்னும் அமுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அலறலுக்கும் ஒன்று. அண்ணியின் ஒவ்வொரு பொய்க்கும் ஒன்று. தன்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் தையல்காரியின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வராந்தாவில் நின்ற டிக்டிக்கின் சட்டை முழுக்க அடுத்தவள் ரத்தம். நிறுவனத்திலிருந்து, ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியை போனில் வந்தார். கெட்டவர் இல்லை. நல்லதுதான் செய்துகொண்டிருக்கிறோம் என்று முழுசாக நம்புகிறவர், அதுதான் தலைவலி.

"கேள்விப்பட்டேன்மா, ரொம்ப வருத்தமா இருக்கு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. உள்ள பாத்ததுல ஒரு ஆளோட அடையாளமும் வெளிய போகக் கூடாது. எல்லா உறுப்பினருக்கும் வாக்குக் குடுத்திருக்கோம். ஒரு சபையில உடைஞ்சா எல்லா ஊர்லயும் நம்மள வெளிய தள்ளிடுவாங்க."

"சரி மேடம்."

"அப்புறம், இன்னைக்கு விகிதம் என்ன?"

டிக்டிக் சொன்னாள்.

"அட! பெண்கள் பாதிக்கு மேலயா? எந்த ஊர்லயும் வராத அளவாச்சே!"

"மேடம், அதுல முக்கால்வாசி அலறல்."

"ஓ." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அலறலும் ஒரு விதத்துல குரல்தானேம்மா. விளக்கம் போட்டு வச்சுக்கலாம்."

டிக்டிக் போனை அணைத்துவிட்டாள். அதற்குமேல் கேட்டிருந்தால் போனைச் சுவரில் அடித்திருப்பாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். களைத்துப்போன மனிதர், மீசைக்குக் கீழே எப்போதும் ஒரு சலிப்பு. சபையில் இருந்த அத்தனை பேரையும் விசாரித்துவிட்டாராம். தையல்காரி கால் தடுக்கி மேஜைமேல் விழுந்தாள் என்று அத்தனை பேரும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்களாம்.

"எப்படி விழுந்தாள்னு கேட்டா, எல்லாரும் அப்பன்னு பாத்து எங்கயோ பராக்குப் பாத்துட்டு இருந்தாங்களாம். உன் வேலையே பாக்கறதுதானேம்மா. நீ சொல்லு, யார் கை அது?"

அவள் வாய்வரை வந்தது. அண்ணி என்று ஒரு வார்த்தை. சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்னால் அண்ணி ஜெயிலுக்குப் போவாள், 'காட்டு' என்று சொன்னவன் கைகழுவிவிட்டு வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பான். சொல்லாவிட்டால் தையல்காரி தானே தடுக்கி விழுந்தவளாகிவிடுவாள், தாடை உடைந்ததற்குக் கேட்பாரில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு பெண்ணின் தலையில் மண் விழும், அவன் சட்டையில் ஒரு தூசி ஒட்டாது. இதெல்லாம் தன் அறிவுரையில் தொடங்கியது என்ற நினைப்பு வேறு.

"அவங்களைப் பாத்துட்டு வந்து சொல்றேன் சார்" என்றாள்.

"வா. ஸ்டேஷன்லதான் இருப்பேன். மார்க்கெட் முனையில."

தையல்காரி கட்டிலில் முகம் வீங்கிக் கிடந்தாள். வாய் இருந்த இடத்தில் கம்பியும் கட்டும். கண் மட்டும் அவளுடையது. டிக்டிக் கட்டிலோரம் மண்டியிட்டாள்.

"நான் சொன்னதாலதானேக்கா" என்றாள். அழுகை முட்டியது. "இன்ஸ்பெக்டர் கேக்கறார். அண்ணி பேரைச் சொல்லட்டுமா? நீங்க சொல்றபடி செய்யறேன்."

தையல்காரி அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. மிதிபடாத கையைத் தூக்கினாள். காற்றில் எதையோ பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். டிக்டிக்குக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் கண்ணில் கோபம் வந்தது. ஜன்னல் பக்கம், மார்க்கெட் இருக்கிற திசையில் கையை நீட்டி, திரும்பவும் இழுத்தாள். தாழ்ப்பாள் போடுகிறாள்.

அடுத்தவள் ரகசியத்தை அம்பலத்தில் போட்டு உடைத்தது தான்தான் என்று தையல்காரிக்குத் தெரிந்திருந்தது. தன்னை அடித்துப் பல்லைத் தெறிக்கவைத்தவள் இன்றைக்கு எங்கே ஓடி வருவாள் என்றும் தெரிந்திருந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஒப்பந்தக்காரன் ஒருநாளும் வேலையைத் தள்ளிப்போட்டவன் இல்லை. டிக்டிக் எழுந்து ஓடினாள்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. குளியல் கூடத்துக்கு முன்னால் லாரி நின்றது. ஆட்கள் வரிசையாகக் கதவுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரை இடிப்பதற்கு முன் மரத்தைக் கழற்றுவதுதான் அவர்கள் தொழில்முறை, கதவு நல்ல விலைக்குப் போகும். பாய்லர்காரி வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவர்கள் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதிக்க வைத்து, வாளி வாளியாக ஊற்றிக்கொடுத்து வயதைக் கழித்த பெரிய உருவம்.

"உள்ள பொம்பளைங்க குளிச்சிட்டு இருக்கும்போதே கழட்டினானுங்க! கண்ணு அவிஞ்சு போக!" என்றாள் டிக்டிக்கிடம். "யாரு நீ, எண்ணிட்டுப் போறவதானே? எண்ணிக்கோ. எத்தனை கதவு போகுதுன்னு எண்ணிக்கோ."

"அண்ணி வந்தாங்களா?"

பாய்லர்காரியின் முகம் மாறியது. பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஆள் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

அண்ணிதான். காலில் செருப்பில்லை. ஒரு கண் முழுக்க மூடிப்போயிருந்தது, காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. நீளக் கைச் சட்டை ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே பழுத்ததும் பழையதுமாகக் காயங்கள் தெரிந்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே ஓடி, கடைசி அறைக்குள் புகுந்து, திரும்பி, கதவைச் சாத்தக் கையை வீசினாள். கை காற்றில் போனது. தடுமாறிக் கதவு நிலையில் மோதிக்கொண்டாள். மறுபடியும் கையை வீசினாள், கதவு அங்கே எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்று நம்புகிற மாதிரி. பிறகுதான் பார்த்தாள்.

"கதவு எங்க?" என்றாள்.

லாரிக்காரன் ஒரு கதவைத் தோளில் வைத்தபடி அப்படியே நின்றான்.

ஒப்பந்தக்காரன் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தான். தன் வேலையிடத்துக்கு வருகிறவன் எதற்கு ஓட வேண்டும். ஆட்களில் ஒருவன் கையிலிருந்த இரும்புக் கம்பியை, கேட்காமலே வாங்கிக்கொண்டான். குறுக்கே வந்த பாய்லர்காரியை மார்பில் கை வைத்துத் தள்ளினான். அவள் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மண்டை மோதி உட்கார்ந்துவிட்டாள்.

கடைசி அறையின் வெற்று நிலையில் டிக்டிக் நின்றாள். எப்போது போய் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கைகளையும் இரண்டு பக்கத்து மரத்தில் பதித்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் அண்ணி மூச்சு விடுவது கேட்டது.

"நீ வேடிக்கை பாக்க வந்தவதானே. ஓரமா நின்னு பாரு" என்றான்.

"போக மாட்டேன்."

"பேச்சுகூட வருமா உனக்கு?" அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "இது என் பொண்டாட்டி. இது என் இடம். தீர்மானம் பாஸ் ஆயிடுச்சு, நீயும்தான் பாத்தே."

"பாத்தேன். நீ காட்டுன்னு சொன்னதையும் பாத்தேன்."

கம்பி இறங்கியது. முழங்கைக்கு மேலே எலும்பு முறிகிற சத்தம் டிக்டிக்கின் காதுக்கே கேட்டது. வலி கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது, வந்தபோது கண் இருட்டியது. இடது கை தானாகக் கீழே விழுந்தது. வலது கையை அவள் எடுக்கவில்லை. இரண்டாவது அடி தோளில். கால் மடங்கி, நிலையைப் பிடித்தபடி மண்டியிட்டாள், ஆனால் வழி விடவில்லை. மூன்றாவது அடிக்கு அவன் கையை ஓங்கியபோது, மண்டைக்குத்தான் அது வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. நகர வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அவள் தலைக்குமேலே வெந்நீர் பறந்தது. குளிக்க வந்தவர்கள் பாதியில் விட்டுப்போன வாளி அந்த அறைக்குள் இருந்தது, பாய்லரிலிருந்து பிடித்து விளாவாத தண்ணீர். அதன் துளிகள் டிக்டிக்கின் கழுத்தில் நெருப்பாகத் தெறித்தன. மீதி எல்லாம் அவன் முகத்தில்.

அவன் ஊளையிட்டான். கம்பி தரையில் விழுந்து உருண்டது. முகத்தைப் பிடித்துக்கொண்டு, கையை எடுத்தால் தோலும் கூடவே வருவதைப் பார்த்து, மறுபடியும் ஊளையிட்டான். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தான். தவழ்ந்து வாசலுக்குப் போகப் பார்த்தான். அண்ணி டிக்டிக்கைத் தாண்டி வெளியே வந்து, காலி வாளியால் அவன் முதுகில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். வாளியின் அடிப்பாகம் பெயர்ந்து போகிறவரை அடித்தாள். அதுவரை சும்மா நின்ற லாரி ஆட்கள் அப்போதுதான், ஐயோ கொலை என்று ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ஆம்பளை அலறினால் எத்தனை சுறுசுறுப்பு!

பாய்லர்காரி தலையிலிருந்து ரத்தம் வழிய எழுந்து வந்து, அண்ணியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். "போதும்டி. போதும் என் தங்கமே. செத்துடப் போறான், உனக்குத்தான் கஷ்டம்." அண்ணி வாளியை விட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது ஒப்பந்தக்காரனை லாரியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், கழற்றிய கதவுகளுக்கு நடுவே. அவர் கதவில்லாத வெற்று நிலைகளைப் பார்த்தார், தரையில் கிடந்த கம்பியைப் பார்த்தார், கடைசியாக மூன்று பெண்களையும் பார்த்தார்.

"யார் ஊத்தினது?"

பாய்லர்காரி முந்திக்கொண்டாள். "வாளி தானா சாஞ்சிடுச்சு சார்."

"நான்தான்" என்றாள் அண்ணி. "சபையில தையல்காரி வாயை உடைச்சதும் நான்தான். ரெண்டையும் எழுதுங்க."

"அண்ணி, சும்மா இருங்க" என்று டிக்டிக் பதறினாள்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? அவ சொன்னது நிஜம். அதைப் பொய்னு காட்டத்தானே அவளை அடிச்சேன்." அண்ணியின் குரல் கரகரவென்று, ரொம்ப நாளாகப் புழங்காத குரலாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் டிக்டிக் பக்கம் திரும்பினார். "பாத்துட்டுச் சொல்றேன்னியே. இப்பவாவது சொல்றியா?"

பேராசிரியையின் முகம் ஒரு தடவை நினைவுக்கு வந்தது, எல்லா ஊர்ச் சபைகளின் வாசல்களும் வந்தன. இந்த வேலை இன்றோடு சரி. முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு டிக்டிக் பேச ஆரம்பித்தாள். மைக்கில் தொடங்கவில்லை. போன கூட்டம் முடிந்து படியில் தான் சொன்ன அறிவுரையிலிருந்து தொடங்கினாள். கடைசிக் கதவு, அக்கா வீடு, 'பொய்னா காட்டு', விலாவில் பாய்ந்த செருப்பு, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஓட்டெடுத்த தலைவர், காதில் சொன்ன வார்த்தை, கம்பி. அடித்தது அண்ணியின் கை என்பதையும் மறைக்கவில்லை. ஆள் ஆளாக, பெயர் பெயராகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் சலிப்பு மறந்து எழுதினார்.

"கோர்ட்ல வந்தும் இதைச் சொல்லுவியா?"

"எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுவேன்."

"இவங்களை விட முடியாதும்மா. ரெண்டு பேருக்கு ரத்தக் காயம்" என்றார் அவர், அண்ணியைக் காட்டி. கொஞ்சம் தயங்கி, "ஆனா நீ சொன்னது கூடவே போகும். அவனும் தலைவரும் தப்ப முடியாது" என்றார்.

ஜீப்பில் ஏறும்போது அண்ணி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூடாத ஒற்றைக் கண்ணால் டிக்டிக்கைப் பார்த்தாள்.

"அவளுக்குப் பேச்சு வருமா?"

"வரும் அண்ணி. கட்டுப் பிரிச்சதும் வரும்னு டாக்டர் சொன்னார்."

அண்ணி தலையை ஆட்டினாள். அழுகை வந்தது, அதை விழுங்கிக்கொண்டாள்.

"வந்ததும் முதல்ல என்னைத் திட்டச் சொல்லு. ஜெயிலுக்கே வந்து திட்டச் சொல்லு. வேற யாருகிட்டயும் அந்த முதல் பேச்சைச் செலவு பண்ணிடப் போறா."